திருமதி ரூபனின் களிமண்

முகத்தில் பரு வந்துவிட்டால் மனிதனுக்குப் படித்த படிப்பு உதவாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்துநாலு வயதில் நான் முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தோலின் படைகளைக் கரும்பலகையில் கீறி, எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டால் என்ன நடக்கும் என்று விளங்கப்படுத்துவேன். (முன்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை, "சேர், உங்கட முகத்தில கிடக்கிற மாதிரியோ?" என்று கேட்டது. சரியான விடை. ஆனால் நான் புள்ளி போடவில்லை.)

அது இரண்டாயிரத்து மூன்று. சண்டை நின்று, ஏ9 பாதை திறந்து, வெளிநாட்டுச் சனமெல்லாம் ஊர் பார்க்க வந்துபோன காலம். அக்காவுக்குக் கண்டாவளையில் மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் கலியாணங்களில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். தலைப்பாகை கட்டி மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். வீடியோக்காரர் மாப்பிள்ளையை எடுக்கும் நேரமெல்லாம் தோழனும் விழுவான். அந்தக் கசற் பிறகு கனடா போகும், சுவிஸ் போகும். அங்கே என் வயதுப் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். இவ்வளவையும் யோசித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியைக் கண்டாலும் நின்றேன். கண்ணாடி இல்லாத இடத்தில் சைக்கிள் மணியின் மூடியில் பார்த்தேன். (அதில் மூக்கு பெரிதாகத் தெரியும். பருவும் அதற்கேற்ப.)

பள்ளிக்கூட விடுமுறைக்கு ஒரு கணினி வகுப்புக்கென்று வவுனியாவுக்கு வந்து சின்னம்மா வீட்டில் நின்றேன். கலியாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் தலைப்பாகையையும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும் என்பது வீட்டு உத்தரவு. சின்னம்மா வீட்டில் கரண்ட் இருந்தது, ரீவி இருந்தது. ரீவியில் மத்தியானத்தில் சாமான் விற்கும் நிகழ்ச்சி ஒன்று போனது. ஒரு வெள்ளைக்காரி சாம்பல் நிறத்தில் ஏதோ மண்ணை முகமெல்லாம் பூசுவாள், கழுவுவாள், கழுவினால் வேறொருத்தி மாதிரி இருப்பாள். (வேறொருத்தியேதான் என்று சின்னம்மா சொன்னா. நான் நம்பவில்லை.) அவளின் வாய் ஒருபக்கம் போக, தமிழ் இன்னொருபக்கம் போகும்: "அற்புதக் களிமண் பூச்சு! பரு, கரும்புள்ளி, அனைத்தும் பறந்தோடும்! இன்று மட்டும் ஒன்றின் விலைக்கு இரண்டு!"

ஒரு கிழமையாக ஒவ்வொரு நாளும் இன்று மட்டும்தான். ஆனாலும் எட்டாம் நாள் எனக்குப் பதற்றம் பிடித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனில் ஓடர் பண்ணக் கொமினிக்கேஷன் கடைக்கு ஓடினேன்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கதைக்கவேண்டும். பெட்டியின் கதவு பூட்டாது. வெளியே வாங்கில் நாலைந்து பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். லைன் ஒரே இரைச்சல்.

"உங்கள் சருமம் எந்த வகை? வறட்சியா, எண்ணெயா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துப் பெண்.

"எண்ணெய்," என்றேன் மெதுவாக.

"கேட்கவில்லையே?"

"எண்ணெய்!"

"என்ன?"

"எண்ணெய்! எண்ணெய்!"

வாங்கிலிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். ஒரு ஐயா கதவுக்குள்ளால் தலையை நீட்டி, "தம்பி, மண்ணெண்ணெயே? எங்க குடுக்கினம்?" என்றார். அவரில் பிழை இல்லை. அத்தனை வருசம் போத்தல் கணக்கில் அதற்கு அலைந்த சனம். நான் அவருக்குக் கையால் இல்லை என்று காட்டிக்கொண்டே போனுக்கு ஓம் சொன்னேன். "பெயர்? ரூபன்? திருமதி ரூபனா?" என்று அவள் கேட்டதற்கும் அதே ஓம்தான் போயிருக்கவேண்டும்.

பார்சல் பத்து நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. பதினைந்தாம் நாளும் வரவில்லை. நான் காலையிலும் பின்னேரமும் பார்சல் கந்தோர் வாசலில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னைக் கண்டால் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். கலியாணம் நெருங்க நெருங்க அக்காவிடமிருந்து பஸ் கொண்டக்டர் மூலம் துண்டுக் கடிதங்கள் வரத்தொடங்கின. கடைசித் துண்டு இப்படி: "பந்தல்காரர் வந்திட்டினம். நீ எங்க? அங்க என்ன, பார்சல் கந்தோரில பெண் எடுக்கிற யோசனையோ? நாளைக்கு வராட்டி வேற ஆரையும் தோழனாய் நிப்பாட்டுவன். தலைப்பாவை மட்டும் அனுப்பு."

கலியாணத்துக்கு முதல்நாள் காலை பார்சல் வந்தது. மேலே பெரிதாக "திருமதி ரூபன்" என்று அடித்திருந்தது. கவுண்டர்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மனுசிக்கோ?" என்றார். ஓம் என்றேன். அந்தக் கணத்தில் இல்லாத மனுசிக்கு நான் கையெழுத்தும் வைத்தேன்.

ஒரு கையில் தலைப்பாகைப் பெட்டி, மறுகையில் பார்சலோடு ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர மத்தியானம் திரும்பிவிட்டது. பாதை பின்னேரத்தோடு மூடிவிடும். எனக்கு முன்னால் நீண்ட வரிசை. நான் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றதைப் பார்த்துப் பின்னால் நின்றவர், "மகன், ஒதுக்குப்புறமாப் போகோணுமெண்டால் போயிட்டு வாங்கோ, நான் இடத்தைப் பிடிச்சு வைக்கிறன்," என்றார். பெயர் அன்வர். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் பதின்மூன்று வருசம் இருந்துவிட்டு, காணி எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கப் போகிறவர்.

என் முறை வந்தது. சிப்பாய் பார்சலைப் பிரித்து, உள்ளே இருந்த இரண்டு தகரப் பேணிகளில் ஒன்றைத் திறந்தார். உள்ளே சாம்பல் தூள். விரலால் தொட்டு, மணந்து, என்னைப் பார்த்தார்.

"சிமெந்தி?" என்றார். சிமெந்தோ என்று சிங்களத்தில் கேட்கிறார்.

நான் தலையை ஆட்டினேன். கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இன்னொருவர் அவர்களுக்கு மேலே இருந்த பெரியவரைக் கூப்பிட்டார். சிரிப்பு அந்த நேரம் எனக்கு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓமந்தையில் இளந்தாரி ஒருவன் என்னவென்று தெரியாத தூளோடு நிற்பது அந்தக் காலத்தில் விளையாட்டு இல்லை. எனக்குச் சிங்களமும் வராது. அன்வர் நானாதான் முன்னுக்கு வந்து சிங்களத்தில் கதைத்தார். பெரியவர் பார்சலின் பெயரைக் காட்டி ஏதோ கேட்டார். நானா நீளமாகப் பதில் சொன்னார். மூன்று சிப்பாய்களின் முகமும் மலர்ந்தது. ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன நானா சொன்னீங்கள்?"

"நாளைக்கு உங்களுக்குத்தான் கலியாணம், பேர் வரப்போற பொஞ்சாதிட பேர் எண்டு சொல்லிப்போட்டன். சிரியுங்கோ மகன். ஆனா ஒண்டு, பூசிக் காட்டட்டாம்."

என் தண்ணீர்ப் போத்தலில் இருந்தது முழுவதையும் ஊற்றிக் குழைத்தேன். வரிசையில் நின்ற அத்தனை சனமும் பார்க்க, நெற்றியிலிருந்து நாடிவரை பூசினேன். பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். நான் வெடிக்கவில்லை. போ என்று கையைக் காட்டினார்.

கழுவத் தண்ணீர் இல்லை. நடந்து மற்றப் பக்கத்தில் புலிகளின் சாவடிக்கு வந்தோம். அங்கே மேசையில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார்.

"இது நீரோ?"

"ஓம்," என்றேன். நாடியிலிருந்து ஒரு துண்டு உடைந்து மேசையில் விழுந்தது.

"இவருக்கு நாளைக்குக் கலியாணம்," என்றார் நானா. இந்தப் பக்கத்துக்கும் அதே கதை போதுமாயிருந்தது.

இனி வருவதற்கு நான் ஒருவரையும் குறை சொல்லமுடியாது. மாங்குளத்தில் பஸ் நின்றது. கிணறு இருந்தது. நானா ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து, "கழுவுங்கோ மகன், முகம் இறுகிப்போய்க் கிடக்கு," என்றார். தகரத்துக்குள் இருந்த காகிதத்திலும் பதினைந்து நிமிசத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் விஞ்ஞான ஆசிரியரின் மூளை வேறு கணக்குப் போட்டது. பதினைந்து நிமிசத்துக்கே அந்த வெள்ளைக்காரி அப்படியென்றால், மூன்று மணித்தியாலத்துக்கு நான் எப்படி? வாயைத் திறந்தால் உடைந்துவிடும் என்பதால், வேண்டாம் என்று கையால் காட்டினேன். நானா அந்த வாளியில் தன் முகத்தைக் கழுவினார்.

பொழுதுபடுகிற நேரம் வீட்டு வாசலில் இறங்கினேன். பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருந்த அப்பா, "ஆர் நீங்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா கையில் மருதாணியோடு ஓடிவந்து, "ஐயோ, இதென்ன கோலம்! தலைப்பா எங்க?" என்றா. பெட்டியைக் கொடுத்தேன். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை அடித்தேன். மண் கரையவில்லை. அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தா. பிறகு மண் வந்தது. இடது புருவத்தில் பாதியையும் என் தோலையும் கூட்டிக்கொண்டு வந்தது. பரு ஒன்றுகூடப் போகவில்லை. அதைச் சுற்றியிருந்த முகம்தான் போனது.

விடிய எழும்பினால் கன்னமெல்லாம் சிவந்து, புள்ளி புள்ளியாய்ப் பொங்கியிருந்தது. அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினா. அதற்கு மேலே தலைப்பாகையைக் கட்டி, "குனிஞ்சபடி இரு," என்று அனுப்பினா.

குனிந்தபடிதான் மணவறையில் இருந்தேன். மாப்பிள்ளை குகன் அத்தான் கொஞ்ச நேரம் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். "தம்பி, உமக்குக் காய்ச்சலும் இருக்கோ?" என்று கேட்டு, என் பக்கமிருந்த தன் தோளை மெல்ல இழுத்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்வதற்கிடையில் அவரின் பெரியம்மா கண்டுவிட்டா. ஓய்வுபெற்ற ரீச்சர். குரல் இன்னும் ஓய்வுபெறவில்லை.

"தோழன் பெடியனுக்கு அம்மாள் போட்டிருக்கு!"

கொப்பளிப்பான் என்கிற சின்னம்மையைத்தான் எங்கள் ஊரில் அம்மாள் என்பார்கள். அம்மாள் வந்த வீட்டில் நல்ல காரியம் செய்வதில்லை. பெரியம்மா சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் கதிரைகள் இழுபட்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் எழும்பினார்கள். மாப்பிள்ளை பகுதியில் இரண்டு பேர், "வேற நாள் பாப்பம்," என்று கதைப்பது கேட்டது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். நான் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவ என்னைத் திட்டுவா என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. கண் நிறைந்துபோய், மடியில் கிடந்த மாலையைப் பிடித்தபடி இருந்தா. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

ஐயருக்கு முன்னால் இருந்த மைக்கை இழுத்தெடுத்தேன்.

"இது அம்மாள் இல்லை! கிறீம்!"

பந்தல் மட்டுமல்ல, றோட்டு முழுக்கக் கேட்டது.

"ரீவியில பாத்து ஓடர் பண்ணின கிறீம்! வீடியோவில வடிவாய் விழவேணுமெண்டு நான்தான் பூசினனான்! பதினைஞ்சு நிமிசத்தில கழுவச் சொன்னது, நான் கழுவேல்ல! எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒண்டும் இல்லை, விசர்தான்!"

பெரியம்மா கையை நீட்டி, "எங்க, சாமானைக் கொண்டாரும்," என்றா. அம்மா ஓடிப்போய் அலுமாரிக்குள்ளிருந்து பார்சலைக் கொண்டுவந்தா. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, மைக் பக்கத்திலேயே நின்று, வகுப்பில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தா: "நாற்பது வயதைக் கடந்த பெண்களின், சுருக்கங்களை, இழுத்துப் பிடிக்கும்." பிறகு பெட்டியைத் திருப்பினா. "திருமதி ரூபன் எண்டு கிடக்கு. ஆர் அது?"

"நான்தான்," என்றேன் மைக்கில்.

முதலில் சிரித்தது அப்பா. பிறகு பந்தலே சிரித்தது. எழும்பியவர்கள் இருந்தார்கள். ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்க, முகூர்த்தம் தப்பாமல் தாலி ஏறியது. குகன் அத்தான் தோளைத் திரும்ப என் பக்கம் தந்தார். சாப்பாட்டுப் பந்தியில் பெரியம்மா என்னைக் குசினிப் பக்கம் ஒதுக்கிக் கூப்பிட்டு, "தம்பி, மற்றத் தகரம் இன்னும் உடைக்கேல்லத்தானே?" என்று கேட்டா. கொடுத்தேன். (அவ பதினைந்து நிமிசத்தில் கழுவியிருப்பா. அதற்குப் பிறகு கண்டபோதெல்லாம் முகம் நன்றாகத்தான் இருந்தது.)

பிறகு சண்டை திரும்பத் தொடங்கிய வருசங்களில் அந்த வீடு போனது. அல்பம் போனது, கசற்றும் போனது. அப்பாவும் எங்களோடு திரும்பி வரவில்லை. சுவிசுக்கு அனுப்பிய ஒரு பிரதி மட்டும் அங்கே ஒரு சொந்தக்காரரின் பெட்டிக்குள் கிடந்து, பல காலம் கழித்து அக்காவின் போனுக்கு வந்து சேர்ந்தது. அதில் தாலி கட்டுகிற நேரம் வீடியோக்காரருக்கு முன்னால் யாரோ எழும்பி நின்று மறைத்துவிட்டார்கள். என் மைக் பேச்சு மட்டும் ஒரு சொல் குறையாமல் இருக்கிறது. அதன் முடிவில் அப்பா சிரிக்கிறார், தொடையில் அடித்து, மூச்சு வாங்க. அப்பாவின் குரல் எங்களிடம் வேறெங்கும் இல்லை.

ஆகவே அந்த இடத்தை வெட்டிவிடு என்று நான் அக்காவிடம் கேட்டதில்லை. அவ அதைப் போட்டுக்காட்டாத விருந்தாளியும் இல்லை. அக்காவின் மகளுக்கு இப்போது பதினாறு வயது. நாடியில் இரண்டு பரு வந்திருக்கிறது. போன மாதம் எனக்கு வெயில் பட்டு முகம் சிவந்திருக்க, வாசலிலேயே மறித்து நின்று கேட்டாள்:

"உள்ள வரமுதல் சொல்லுங்கோ மாமா. அம்மாளோ, கிறீமோ?"