டெலிபோனுக்குப் பூட்டு, பெரியவருக்கு டானிக்

அவிநாசி
9.6.1996

மதிப்பிற்குரிய மைத்துனர் தம்பிதுரை அவர்களுக்கு, அக்கா வீட்டுக்காரன் திருமூர்த்தி எழுதுவது. இங்கு என் இடுப்பைத் தவிர யாவரும் நலம். ஈரோட்டில் தாங்களும் தங்கச்சியும் மஞ்சள் மண்டியும் நலம்தானே.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்றுக் காலை உங்கப்பா வீட்டுக் குளியலறையில், தலையில் சீயக்காயும் இடுப்பில் ஈரத்துண்டுமாக மல்லாக்க விழுந்துபோட்டேன். எனக்கு ஐம்பத்துமூணு. என்னைத் தூக்கி நிறுத்தி வேட்டி கட்டிவிட்டது எழுபத்தாறு வயசு உங்கப்பா. "வழுக்கி விழுந்துபோடுவாரு, குளிக்கையில கூட ஒரு ஆள் வேணும்"னு நீங்க சொன்னீங்களே, அவரேதானுங்க.

டாக்டருக்குப் போன் பண்ணலாம்னு நொண்டிக்கிட்டுப் போனா, டயல்ல பூட்டுத் தொங்குது. சாவி ஈரோட்டுக்குப் போயிருச்சாம். "பவானி நஞ்சப்பன்கூட தினமும் பேசறனாமா. வயசான காலத்துல அப்படி என்ன பேச்சுன்னு பையன் பூட்டிப்போட்டானுங்க மாப்பிள்ளை"ன்னார். ஏனுங்க தம்பிதுரை, அது அவர் ஊடு, அவர் போன். நஞ்சப்பன் அவர்கூடப் படிச்சவர், இப்போ படுத்த படுக்கை. ஜெயில்ல இருக்கறவனைக்கூட ஆள் பார்க்க விடறாங்களே.

என்னைக் கட்டில்ல சாய்ச்சுட்டு முன்னறைக்குப் போனார். சித்த நேரத்துல வாசல்ல ஆட்டோ. பாவம், தெருமுனை வரைக்கும் வெயில்ல நடந்திருப்பாரேன்னு எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில என்னைத் தாங்கிட்டு வந்தவரையே நோயாளின்னு நர்சம்மா சக்கர நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. நான் பின்னாடி நொண்டறேன். டாக்டர் பையன் அவரை நாக்கை நீட்டச் சொல்லிட்டு, "தாத்தாவுக்கு எப்ப இருந்துங்க இப்படி?"ன்னு என்னைக் கேக்கறான். "கண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல. இவருக்குத்தான் இடுப்பு"ன்னார் உங்கப்பா. "சரிங்க தாத்தா, சரிங்க"ன்னு ஊருக்கே கேக்கறாப்புல கத்திக்கிட்டு அவருக்கே பிரஷர் பார்த்தான். அது என்னோடதைவிட நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் என் காதுல, "ஞாபகம் தப்புதுங்களா?"ன்னான். அவருக்குச் சத்து டானிக் எழுதினான். எனக்கு ஒரு தைலம்கூட இல்லை.

திரும்பி வந்ததும் உங்கப்பா போனுக்கு நேரா நாற்காலியைப் போட்டு உக்கார்ந்துட்டார். எனக்குப் பொறுக்கலைங்க. அந்த டாக்டருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? வயசாயிட்டா ஒரு மனுசனோட வாயும் காதும் பிள்ளைங்க பேர்ல மாறிடுமா? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சாவி வரணும். வரலைன்னா நானே மண்டிக்கு வந்து, அத்தனை வியாபாரிங்க பார்க்க உங்க போனுக்கும் ஒரு பூட்டைப் போட்டுட்டு வந்துருவேன்.

தங்கச்சிக்கும் குழந்தை வர்ஷினிக்கும் என் ஆசிகள். மஞ்சளுக்கு நல்ல விலை படியட்டும்.

கோபம் ஆறாத,
திருமூர்த்தி

பி.கு.: ஒட்டறதுக்கு முன்னாடி, வெயில்ல நடந்த கஷ்டத்தையும் எழுதிப்போடலாம்னு உங்கப்பாவை விசாரிச்சேன். நடக்கவே இல்லையாம். பூட்டைத் திறக்காமலே, ரிசீவர் வைக்கிற கட்டையை நம்பருக்குத் தக்கபடி தட்டித் தட்டியே எந்த நம்பரும் போடலாமாம். ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கத்து மளிகைக்கடைக்கு அப்படித்தான் போட்டு ஆட்டோவை அனுப்பச் சொன்னாராம். நஞ்சப்பன்கூடவும் ஒருநாள்கூடப் பேச்சு நிக்கலையாம். "பூட்டு இருக்கட்டுங்க மாப்பிள்ளை, பையன் நிம்மதியாத் தூங்கட்டும்"ங்கறார்.