வில்லன் கேட்ட கிணறு

சுவைநாடு என்றொரு நாடு. அதன் அரசருக்கு அலுவலக அறிக்கைகளைக் கேட்டாலே கொட்டாவி. ஆகவே ஓர் ஆணை போட்டார்: இனி எந்த அறிக்கையும் கதையாகவே வரவேண்டும், நாயகனும் வில்லனும் கட்டாயம், முடிவு சுபம். நாயகன் யாரென்று ஆணையில் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது.

தண்ணீர் இலாகாவில் அறிக்கை எழுதும் செங்கமலத்துக்குத்தான் தலைவலி. அவள் தெருவின் ஒரே கிணறு வற்றிவிட்டது. “கிணறு வற்றிவிட்டது, தண்ணீர் வண்டி அனுப்பவும்” என்று எழுதினாள். சுவையில்லை என்று திரும்பி வந்தது. வெயிலை வில்லனாக்கிப் பார்த்தாள். அமைச்சரே அழைத்துவிட்டார்.

“நடை பிரமாதம் அம்மா. ஆனால் வெயிலுக்கு எப்படி விலங்கு மாட்டுவது? ஆளாகக் கொடுங்கள்.”

வீட்டில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தவளைப் பக்கத்து வீட்டு அஞ்சுகம் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வில்லனுக்கு ஆள் வேண்டுமாம் என்று இவள் புலம்பியது உட்பட, அந்தச் சுவரைத் தாண்டி அவள் காதுக்குத் தப்பியது எதுவுமில்லை.

“என் பேரைப் போட்டுத் தொலையேன்டி. கிணத்தை நான்தான் குடிச்சுத் தீர்த்தேன்னு எழுது.”

“பைத்தியமா அக்கா உனக்கு?”

“எனக்கென்ன, புள்ளையா குட்டியா? உன் புள்ள நாக்கு வறண்டு கிடக்கு. எழுதுடி.”

அழுதுகொண்டே எழுதினாள். அரசர் ரசித்தார். அஞ்சுகத்தைக் காவலர் கொண்டுபோனார்கள். ஒரு வண்டித் தண்ணீர் வந்தது. அது தீர்ந்ததும், அடுத்த வண்டிக்கு அடுத்த வில்லன் எங்கே என்று ஆள் வந்து கேட்டான்.

மனசு கேட்காமல் செங்கமலம் சிறைக்குப் போனாள். அஞ்சுகம் ஈரத்தலையில் துண்டு கட்டி நின்றாள்.

“குளிச்சியா அக்கா?”

“ரெண்டு வேளையும். அரண்மனை ஊத்து இந்தப் பக்கமாத்தான் ஓடுது. புள்ளையத் தூக்கிட்டு நீயும் வந்துடு.”

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் திரும்பினாள். இரண்டே பேரிடம்தான் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் வாசலில் வரிசை.

“என்னைக் கொஞ்சம் கொடூரமா எழுதும்மா,” என்று கெஞ்சினார், எறும்புக்குக்கூட ஒதுங்கி நடக்கும் பூக்காரர் மயிலேறி.

எல்லோரையும் எழுதினாள். கடைசியில் தன் பெயரையும் போட்டு, குழந்தையை உடந்தை என்று சேர்த்தாள்.

அமைச்சர் சபையில் முடிவை உரக்க வாசித்தார்: “இன்று அந்தத் தெருவில் தாகத்தோடு ஒருவர்கூட இல்லை!” சபை எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்துத் தெருவிலும் இதே சாதனையை நிகழ்த்த அரசர் உத்தரவிட்டார்.

சிறையில் அஞ்சுகம் காலை நீட்டி, குழந்தையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கண்ணை மூடுடா என் உடந்தை.”