கட்டைவிரலளவு அலுமினியம் மீட்ட காதை

வாழ்க! மெழுகில் பல் வார்த்து, பீங்கானில் பல் சுட்டு, ஊரார் இழந்த சிரிப்பையெல்லாம் அச்சுப் பிசகாமல் மீட்டுக் கொடுக்கும் பல்கட்டுப் பணிமனையின் ஒற்றைப் பெருந்தூண் வாழ்க! மயிரிழை மேடு கண்டாலும் மறுபடி உரசி மட்டம் காணும் மாசறு விரலோன், நோகாத கடைவாய் நல்கும் கொடையாளன், உறவினர் வாயில் 'பல்செட்டு' என்று மட்டுமே வழங்கப்படும் உத்தமன் வாழ்க! கடல்கடந்த கடைகளோடும், நேற்றுச் சொன்னதை இன்று மறுக்கும் சுங்கவிதிகளோடும் அவன் பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பாட்டு நமக்கு வராததால் உரைநடையிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதற்கண் காப்பு. அட்டைப்பெட்டியே, காவாய்! பழுப்புநிற ஒட்டுநாடாவே, பிரிக்கும் வேளையில் எம் நகத்தைப் பெயர்க்காதிருப்பாய்! மேகமண்டலம் கிழித்து இரைந்துசெல்லும் சரக்கு விமானமே, எம் சிறுபொதியைப் பெரும்பொதிகளின் அடியில் போட்டு நசுக்காதிருப்பாய்! 'உங்கள் பொருள் வந்துகொண்டிருக்கிறது' என்று நாள்தோறும் ஒரே சொல்லைச் சொல்லி உயிர்வாட்டும் கைப்பேசித் தூதே, நீ மட்டும் கொஞ்சம் உண்மை பேசுவாய்! அவையோர் எம் பிழை பொறுக்க. சைக்கிள் தெரிந்தவர்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பொறுக்க.

இனிப் போர் மூண்ட காரணம். பல்செட்டின் இல்லாள், ஆஸ்பத்திரியின் எலும்புமுறிவு வார்டில் நர்ஸ். கட்டுப்போட்ட கால்களுக்கெல்லாம் காவலரசி. மாலையில் வேலை முடிந்ததும் அவள் தன் பச்சைச் சைக்கிளிலும் அவன் தன் கறுப்புச் சைக்கிளிலும் வாய்க்காலோரச் சாலையில் இணையாக மிதித்து வீடு சேர்வார்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அடுப்பு, துவைத்த துணி, தூக்கம். அந்தச் சாலையில்தான் அவள் வார்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று சொல்வாள். அவன் எவர் வாயில் எந்தப் பல் உட்காரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று சொல்வான். நாள் முழுவதிலும் அவனுக்குப் பிடித்த நேரம் அதுதான்.

விதி யாரை விட்டது? ஒரு விடுமுறைக் காலையில், பச்சைச் சைக்கிளின் கியர் மாறும்போது 'டிக்' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'டிடிக்' என்று கேட்பதை அவன் கூர்ஞ்செவி கண்டுகொண்டது.

"நல்லாத்தானே ஓடுது? அதைப் போய் ஏன் நோண்டுறீங்க?" என்றாள் மனைவி.

நோண்டாதிருக்க அவன் என்ன சாமானியனா? பணிமனையிலிருந்து கொணர்ந்த குறுந்திருப்புளியை வாளென ஏந்தி, புருவம் நெறிய, மூச்சடக்கி, ஒரு முழங்கால் மண்ணில் ஊன்றித் திருப்பினான், திருப்பினான், வீரம் மிகுந்து மேலும் திருப்பினான். வானம் பிளந்ததோ, மலை சரிந்ததோ என்று கேட்டோர் கலங்கும்படி ஓர் ஓசை எழுந்தது என்று சொல்ல ஆசைதான். 'கடக்' என்றுதான் கேட்டது.

முறிந்தது எது என்றால், பின்சக்கரத்து அச்சருகே கியர்க்கருவியைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்து நிற்கும் கட்டைவிரலளவு அலுமினியத் துண்டு. அதை இறுக்கிப் பிடித்திருந்த திருகாணிகளும் அதனோடு உடன்கட்டையேறின. தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்து, "இந்தச் சைக்கிளுக்குன்னே செஞ்சது சார் இது. திருகாணியும் அப்படித்தான். வேற எதுவும் சேராது. வெளிநாட்டுல இருந்துதான் வரவழைக்கணும்" என்று கையை விரித்தார்.

அப்போதுதான் களத்தில் தோன்றினான் சகலை. மனைவியின் அக்காளை மணந்தவன். மின்விசிறியும் மாவரைக்கும் இயந்திரமும் விற்கும் பெருங்கடை வேந்தன். கேளாமலே யோசனை வழங்கும் வள்ளல்.

"எதுக்கும்மா இந்தத் தொல்லை? என் பழைய ஸ்கூட்டர் சும்மாதானே நிக்குது. மாசக் கடைசியில கொண்டாந்து விட்டுடறேன். அந்தச் சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போட்டுடுங்க."

"சரி அத்தான், மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்" என்றாள் அவள்.

பல்செட்டின் நெஞ்சில் வேல் பாய்ந்தது. ஸ்கூட்டர் வந்துவிட்டால் அவள் முன்னால் பறந்துவிடுவாள். அவன் பின்னால் வியர்க்க வியர்க்க மிதித்துக்கொண்டு யாரிடம் பேசுவது? கிழக்கு நோக்கி நின்றான். கிழக்கில் துணிக்கொடி இருந்ததால் சற்று விலகி நின்றான். "மாதம் முடியுமுன் அத்துண்டினைக் கொணர்ந்து பொருத்தேனாயின், இந்தக் கை இனித் திருப்புளி தொடாதாகுக!" என்று மனத்துக்குள் வஞ்சினம் கூறினான். வெளியே, "பார்த்துக்கலாம் சகலை" என்றான்.

முதற்போர் கூடைப்போர். கடல்கடந்த கடை முரசறைந்தது: "இவ்வளவுக்கு மேல் வாங்குவோர்க்கு அனுப்புக்கூலி இல்லை!" உள்நாட்டுச் சுங்கம் எதிர்முரசறைந்தது: "இவ்வளவுக்கு உட்பட்டு வரவழைப்போர்க்கு வரி இல்லை!" இரு முரசுகளுக்கும் நடுவே கிடந்தது எலி நுழையும் இடைவெளி. துண்டை மட்டும் கணினித் திரையில் தெரிந்த கடைக்கூடையில் இட்டான். துண்டை விட அனுப்புக்கூலி பெரிதாய் நின்றது. சங்கிலி என்னும் குதிரைப்படையைச் சேர்த்தான், பிரேக் ரப்பர் என்னும் காலாட்படையைச் சேர்த்தான், மணியைச் சேர்த்தான், மீறியது, மணியை நீக்கினான், குறைந்தது, கைப்பிடி உறையும் திருகாணிப் பொட்டலமும் சேர்த்தான், மீண்டும் மீறியது, கண் சிவந்து, "பொடிப்பயல்களே, விலகுங்கள்!" என்று அவ்விரண்டையும் தூக்கி எறிந்து ரப்பரில் இன்னொரு ஜோடி ஏற்றினான். இடைவெளிக்குள் கச்சிதமாக நுழைந்தது படை. வாழ்நாளில் இத்தனை அழகாக ஒரு பல்கூட அவன் பொருத்தியதில்லை.

வீட்டில் பகலில் ஆளில்லை என்பதால், வெகு முன்யோசனையோடு, பல்கட்டுப் பணிமனையின் முகவரியைக் கொடுத்தான். இந்த முன்யோசனையை அவையோர் நினைவில் வைக்க.

பொதி வானில் பறந்துகொண்டிருக்கையிலேயே விதி மாறியது. சிறுபொதிக்கு வரிவிலக்கு என்ற பேச்சே எடுபட்டுப் போயிற்று. பல்செட்டு கலங்கவில்லை, வரியைக் கட்டினான். கட்டியதும் இன்னொரு விதி பிறந்தது: தொழிலிடங்களுக்கு வரும் பொருள் எதுவும் இன்ன பயனுக்கு என்று மெய்ப்பிக்கப்படாமல் கோட்டை வாயில் தாண்டலாகாது. பொதி சிறைப்பட்டது.

அன்று தொட்டு அவன் மாலைதோறும் தன் கறுப்புச் சைக்கிளில் தனியாகப் பறந்து வந்து, கணினித் திரையின் முன் பாசறை அமைத்தான். கடைக்கு ஓலை, கூரியருக்கு ஓலை, சுங்கத்துக்கு ஓலை. மனைவி நெரிசல் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றியபடி, "வந்துட்டேன்" என்பாள்.

"இன்னும் வரல" என்பான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதம் தேய்ந்தது. இனித் தூது பயன்படாதென உணர்ந்த வீரன், உழிஞை சூடிக் கோட்டை வளைக்கும் பண்டை மன்னரைப்போல், அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சுங்க அலுவலகத்தை முற்றுகையிட்டான். மூன்றாம் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தன்போன்ற பல மறவர்கள் கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கக் கண்டான். கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால், பேனா மூடியைக் கடித்தபடி வீற்றிருந்தாள் கோட்டைத் தலைவி.

"போன வாரம் இந்த மாதிரிச் சின்னச் சாமானுக்கு வரியே இல்லையே மேடம்?"

"அது போன வாரம் சார். இப்ப வேற."

"அப்ப அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் வந்து கேளுங்க, சொல்றேன்." அவள் திரையைப் பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள். "பல் கட்டுற இடத்துக்கு வந்திருக்கு. உலோகத் தாங்கின்னு போட்டிருக்கு. நோயாளி வாய்க்குள்ள வெக்கிறதா? அப்படின்னா தனி அனுமதி வேணும்."

முன்யோசனை பின்னிருந்து குத்தியது. சிங்கம் சிலிர்த்தது. 'கேளீர் கோட்டையோரே! எண்டிசையும் அறிக! இத்துண்டு எவர் வாயிலும் புகுந்ததில்லை! இனி எவர் வாயிலும் புகாது! புக எண்ணுவோர் யாராயினும் என்னைக் கடந்தே புகவேண்டும்!' என்று முழங்க வேண்டிய நேரத்தில் அவன் சொன்னது, "மேடம், இதை வாயில வெச்சா வாய் கிழிஞ்சிரும் மேடம்."

"அதை நீங்க சொன்னாப் போதாது சார். என்னத்துக்குன்னு காட்டணும்."

மாதத்தின் கடைசி நாள் விடிந்தது. முறிந்த பச்சைச் சைக்கிளைத் தோளில் சுமந்து, தொங்கும் சங்கிலி சட்டையெங்கும் கறுப்புக் கோலமிட, லிப்டில் நுழையாத அதனைப் படிக்கட்டு வழியே மூன்று மாடியும் ஏற்றி, இரைக்க இரைக்கச் சாளரத்தின் முன் இறக்கினான் நம் வீரன். காவலாளி தடுக்க வந்தவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். தலைவி எழுந்து வெளியே வந்தாள். பொதி பிரிக்கப்பட்டது. அவளே அத்துண்டைக் கையிலெடுத்து, சட்டத்தில் வெறுமையாய் நின்ற பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அட, ஆமா. பொருந்துது!"

நாற்காலி மறவர்கள் எழுந்து கைதட்டினார்கள். பல்செட்டின் கண் கலங்கிவிட்டது. வெட்கப்பட்டுச் சட்டைக் கையால் துடைக்கப்போய் முகமும் கறுப்பாயிற்று. முத்திரையைக் குத்திய தலைவி, "எடுத்துட்டுக் கிளம்புங்க சார். மறுபடி ஏதாவது மாறிடப்போகுது" என்றாள். அவன் ஓடினான்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே, விரலில் சாவியைச் சுழற்றியபடி சகலை; வேலை முடிந்து பஸ்ஸில் வந்து, இன்னும் உடைகூட மாற்றாத மனைவி. கறுத்த முகமும் கனன்ற விழியுமாய் நடுக்கூடத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திய பல்செட்டு, பொன்னைத் தொடுவதுபோல் அத்துண்டை எடுத்துப் பள்ளத்தில் வைத்தான். மயிரிழை பிசகில்லை. இடக்கையால் அதைப் பிடித்தபடி, வெற்றித் திருமகள் மாலையோடு வாசலில் நிற்க, வலக்கையைப் பெட்டிக்குள் விட்டான். துழாவினான். சங்கிலி இருந்தது. ரப்பர் ஜோடி ஜோடியாக இருந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான்.

"என்ன சகலை தேடுறீங்க?"

"திருகாணி" என்றான் பல்செட்டு. கூடைப்போரில் தானே தூக்கி எறிந்த பொடிப்பயல்கள் அவன் கண்முன் வந்து நின்றார்கள்.

சகலை சிரிக்கத் தொடங்கி, மைத்துனியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் கணவனின் கறுத்த முகத்தையும், சட்டையையும், துண்டை இன்னும் விடாமல் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, சைக்கிளா எனக்கு முக்கியம்? இத்தனை நாள் அந்தத் திரையைக் கட்டிக்கிட்டு அழுதீங்களே, ஒரு நாளாவது என்கூட பஸ்ல வந்திருக்கக்கூடாதா? பஸ்ல வந்தா பேச்சு வராதா?"

கடையோடு பொருது, விதியோடு பொருது, மும்மாடக் கோட்டையைத் தோள்வலியால் வென்று, எவர் வாயிலும் புகாத அலுமினியத்தை எண்டிசையும் அறிய மீட்டுவந்த ஏறு, இந்த ஒரு கேள்வியிடம் தோற்று, கையிலிருந்த துண்டை மேசைமேல் வைத்து, திருகாணிக்கு இன்னொரு கூடை, அக்கூடைக்கு இன்னொரு முற்றுகை என்று தன்னிச்சையாய் எழுந்த எண்ணத்தையும் அன்றைக்கு அடக்கி, மறுநாள் மாலை, ஆஸ்பத்திரி வாசலில், கழுவியும் போகாத கறுப்பு நகங்களோடு அவளுக்காகக் காத்து நின்றான்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே பேசிக்கொண்டு வந்தார்கள்.