புளிசாதம் என்றால் மர்தி

உலகத்திலேயே புளிசாதத்தின் உதவியால் பிரெஞ்சு படித்தவர் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அண்ணாமலை நகரில் மெஸ் நடத்துகிறார். பெயர் எதுவோ, எங்களுக்கு மர்தி மாமா. நான் சிதம்பரத்தில் வேலை பார்த்தவரை இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பாடு.

மகளைப் பாண்டியில், பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்தில் கொடுத்திருந்தார். அவள் பாரீஸ் போனாள். பேத்தி பிறந்து நாலு வயதும் ஆயிற்று. பள்ளிக்கூடம் சேர்ந்ததும் குழந்தையின் வாயில் பிரெஞ்சைத் தவிர எதுவும் வரவில்லை. வீடியோ காலில் தாத்தா, "கண்ணு, சாப்டியாம்மா?" என்பார். அது திருதிருவென்று விழித்துவிட்டு ஓடிவிடும். மிச்ச நேரமெல்லாம் மாமா காலி சோபாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவள ஓடாம உக்கார வெக்கணும் தம்பி. அதுக்கு என்ன வேணும்னாலும் பண்றேன்" என்றார் என்னிடம்.

குழந்தையின் வகுப்பில் தினமும் கிழமை கேட்பார்கள் என்று மகள் சொன்னாளாம். உடனே மாமா கிழமையில் இறங்கினார். மெஸ்ஸில் நாளுக்கொரு ஸ்பெஷல் உண்டு, அதுவே பாடமாயிற்று. திங்கள் சாம்பார் சாதம், ஆகவே லந்தி. செவ்வாய் புளிசாதம், ஆகவே மர்தி. வாசல் பலகையில் கிழமையை மட்டும் எழுதுவார், சாப்பாட்டின் பெயரை எழுதமாட்டார்.

"மாமா, இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" என்பான் மெஸ்ஸில் சாப்பிடும் யுனிவர்சிட்டி பையன் ஒருவன்.

"மெர்க்ரெதி!"

"அது வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

"கறிவேப்பிலை சாதம்டா! புதன்கிழமை கூடத் தெரியாம நீயெல்லாம் பிஎச்.டி. பண்றியா?"

கொஞ்ச நாளில் பையன்களும் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போவதென்றால், "வாந்த்ரெதி ஊருக்குப் போறேன் மாமா, எனக்கு உலை வெக்காதீங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்து வணக்கத்தில் சிக்கல் வந்தது. பகலுக்கு பொன்ழூர், பொழுது சாய்ந்தால் பொன்சுவார். "நமக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம், அவுங்களுக்கு இன்னும் வெயில் அடிக்குது. நான் எந்த ஊரு வணக்கத்தச் சொல்றது?" சட்டம் படிக்கிற பையன் ஒருவன், ஃபோன் போடுகிறவர் ஊர் நேரம்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னான். அதை நம்பி மாமா பொன்சுவார் சொல்ல, குழந்தை ஜன்னல் வெயிலைப் பார்த்துவிட்டுச் சந்தேகமாகத் தாத்தாவைப் பார்த்தது. மறுநாள் மெஸ் சுவரில் இரண்டாவது கடிகாரம் ஏறியது.

"மொதல்ல நம்ம ஊரு நேரத்துக்கு அடுப்பப் பத்த வைங்க!" என்றார் மாமி உள்ளேயிருந்து.

ஒரு செவ்வாய் ராத்திரி, மெஸ் நிறைய ஆள் இருக்கும்போது பாரீஸிலிருந்து கால் வந்தது. குழந்தை டீச்சர் மாதிரி விரலை ஆட்டி, இன்று என்ன கிழமை என்று கேட்டது. எல்லார் இலையிலும் புளிசாதம். கேள்விக்கு விடை கண்ணெதிரே இருக்கிறது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்தி!" என்றார்.

சனிக்கிழமையாம்! மெஸ்ஸே தலையில் கை வைத்தது. குழந்தை "நோன்!" என்று கத்தி, சோபாவில் உருண்டு சிரித்தது. பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏழு கிழமையையும் விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்தது. மறுநாள் புதன்கிழமை. மாமா ஞாயிறு என்றார். அதற்கடுத்த நாளும் தப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாமா இது? எங்களுக்கே தூக்கத்துல வருது. மெஸ் மானமே போவுது!"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "மொத நாளு வீட்டுல சரியாத்தான் சொன்னேன் தம்பி. வுய், ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடிட்டா. தப்பா சொன்னாத்தான் உக்காந்து சொல்லித் தர்றா."

நான் கை கழுவப் போனேன்.

இப்போது எனக்குக் கடலூரில் வேலை. மாமாவுக்கு ஃபோன் போட்டால், "சாப்டியா? சரி, வெச்சிடு, கல்லாவுல ஆள் நிக்குது" என்று முடித்துவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு அவரோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும்போல இருந்தது.

"மாமா, இன்னைக்கு லந்திதானே?" என்றேன்.

"அடக் கிறுக்கா!" என்றார். கல்லாவை மாமியிடம் விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.