ரவுத்தியோ அம்மாள் போட்ட நான்கு நிபந்தனைகள்

மூன்றாவது அக்கார்டியன் வாசலில் வந்து நின்றபோதே வெர்னா கின்னுனெனுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது.

"மேடம், நோட்டீஸ் பார்த்து வந்தேன். அந்த ரவுத்தியோ ஸ்காலர்ஷிப்..." என்று வழிந்தான் பெட்டியைச் சுமந்து வந்தவன்.

"வாசிக்கத் தெரியுமா, தம்பி?"

"நேத்துதான் மேடம் வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கத்துக்கிட்டா போதாதா?"

மினசோட்டாவின் அந்தப் பல்கலைக்கழகத்தில், சர்வதேச உறவுகள் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகை தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் வெர்னாவின் வேலை. இருபத்துநான்கு வருடமாகச் செய்கிறாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் ஓர் உலகப் படம். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு குண்டூசிகள். ஒவ்வொரு ஊசியும் அவள் படிக்க வைத்த ஒரு பிள்ளை. "உலான்பாத்தர் தூதரகத்துல இருக்கிறது என் பொண்ணு, நைரோபியில இருக்கிறவன் என் பையன்" என்று தண்ணீர் கேன் போட வருகிறவரிடம்கூடப் பெருமை அடித்துக்கொள்வாள். அவள் கைக்கு வந்த எந்த உதவித்தொகையும் ஆளில்லாமல் திரும்பியது கிடையாது.

இப்போது ஒன்று திரும்பப் பார்த்தது.

ஐலி ரவுத்தியோ அம்மாள் ஒவ்வொரு அக்டோபரிலும் ஏலக்காய் ரொட்டியோடு வந்து, நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெர்னாவோடு ஒரு மணி நேரம் ஃபின்னிஷ் மொழியில் வம்பளந்துவிட்டுப் போவார். போன அக்டோபரில், "இன்னாருக்குன்னு பேர் போட்டுக் குடுக்கலாமா?" என்று கேட்டார். "பேர் போட முடியாதும்மா, சட்டம் விடாது. நிபந்தனை வேணா போட்டுக்கலாம்" என்றாள் வெர்னா. குளிர்காலத்தில் அம்மாள் போய்ச் சேர்ந்தார். உயிலில் இரண்டு வருடப் படிப்புக்கான முழுப் பணமும் இருந்தது. கூடவே நிபந்தனைகள். பெறுபவர் வடக்கே ஈலி என்ற சிற்றூரில் பிறந்திருக்க வேண்டும், ஃபின்னிஷ் பேச வேண்டும், அக்கார்டியன் வாசிக்க வேண்டும், இதே துறையில் சேர்ந்து படிப்பைப் பாதியில் விட்டவராக இருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. இந்த வெள்ளி மாலை ஐந்துக்குள் ஆள் அமையாவிட்டால் பணம் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் போய்விடும்.

"வயசான காலத்துல என்ன கிறுக்கு இது!" என்று வெர்னா அலுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக ஒரு விண்ணப்பமும் வரவில்லை. ஆகவே, முதலில் ஆளைப் பிடிப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று அக்கார்டியனை மட்டும் குறிப்பிட்டு நோட்டீஸ் ஒட்டினாள். புதன்கிழமைக்குள் பதினோரு அக்கார்டியன்கள் வந்துவிட்டன. ஒன்றுகூட வாசிக்கத் தெரிந்தவர் கையில் இல்லை. மாடியிலிருந்து டீன் இறங்கி வந்தார்.

"வெர்னா, இது ஆபீஸா, கல்யாண வீடா?"

"ஏம்ப்பா, இப்படிப் பிடிச்சா காத்து எப்படி வரும்? கொண்டா இங்க!" என்று ஒருவனிடமிருந்து பிடுங்கி, வெர்னா ஒரு போல்கா நடன மெட்டு முழுவதும் வாசித்துக் காட்டினாள். கைதட்டல் கேட்டு இன்னும் நாலு பேர் வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

கூட்டத்தைக் குறைக்க வியாழனன்று ஃபின்னிஷ் தேர்வு வைத்தாள். உடனே பதினைந்து பேரும் செல்போனைப் பார்த்துச் சத்தமாக ஃபின்னிஷ் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது வராந்தாவில் இரண்டு வகைச் சத்தம்.

"கண்ணு, உன்னைப் பத்தி சொல்லுன்னா, எனக்கு வெந்நீர் வை அப்படிங்கிற!"

"ஸாரி மேடம்."

கடைசியில் பிரியானா என்ற பெண் மட்டும் தேறினாள். பேசினாள், வாசித்தாள், படிப்பைப் பாதியில் விட்டதாகவும் சொன்னாள். வெர்னாவுக்கு உயிர் வந்தது.

"எந்த ஊரும்மா?"

"ஈலிதான் மேடம்."

"அங்க பழைய ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

"வந்து... கடைத்தெருப் பக்கம்."

"கடைத்தெருவா? எங்கம்மா என்னைப் பெத்துப் போட்ட இடம், எனக்கே கதை விடுறியா?"

பிரியானா டுலூத்காரி. அதனால் என்ன, பக்கத்து ஊர்தானே என்று வெர்னா உயிலைக் கவனிக்கும் வக்கீலுக்கு எழுதிக் கேட்டாள். முடியாது என்று பதில் வந்தது. வக்கீல் அதோடு விடவில்லை. பணம் வர வாய்ப்பிருக்கிறது, தயாராக இருக்கவும் என்று ஹாக்கி கோச்சுக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார்.

வெள்ளி நாலரைக்கு கோச் கோர்டி ஹால்வர்சன் கையில், ஆடுகளத்து ஐஸை வழவழப்பாக்கும் மெஷின் படங்களோடு வந்தார். மலை போன்ற மனிதர், வாசலிலேயே நெளிந்தார்.

"நீங்க போல்கா வாசிச்சதும் ஃபின்னிஷ் பரீட்சை வச்சதும்தான் எங்க பசங்க பேச்சு. தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். எங்க மெஷின் ஓடின நாளைவிட நின்ன நாள்தான் அதிகம்."

"உங்களைச் சொல்லி என்ன கோச். இருபத்துநாலு வருஷத்துல ஒரு டாலர் ஆளில்லாம திரும்பல. கடைசியில அந்தம்மா பணத்துக்கா இந்த கதி? அவங்க ரொட்டியைத் தின்னவ நான்."

அவள் பணத்தை ஹாக்கி அணிக்கு மாற்றும் பத்திரத்தைத் தேட ஆரம்பித்தாள். கோச் தர்மசங்கடத்தை மறைக்கக் காபி ஊற்றப் போனார். காபி மெஷின் தடதடவென்று ஆடியது. அதன் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த காகிதக் கட்டு நழுவியிருந்தது. குனிந்து எடுத்தார்.

"இதென்ன மேடம்?"

"அதுவா? என் பழைய ஆய்வேடு. பால்டிக் கடல் வணிகம். ரெண்டு அத்தியாயம்தான் முடிச்சேன். அப்பா வேலை பார்த்த சுரங்கத்தை மூடிட்டாங்க, நான் இந்த வேலைக்கு வந்துட்டேன். நல்லா மடிச்சு வைங்க, இல்லேன்னா காபி சிந்தும்."

கோச் மடித்து வைக்கவில்லை. மேல்தாளில் தூசியை ஊதிவிட்டு, பெயர், பிறந்த ஊர், துறை எல்லாவற்றையும் படித்தார். மேஜையில் கிடந்த உயிலை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். மூலையில் யாரோ விட்டுப்போன அக்கார்டியனைப் பார்த்தார். குண்டூசிகள் நிறைந்த உலகப் படத்தைப் பார்த்தார். ஐஸ் மெஷின் படங்களைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

வெர்னா பேனாவைத் திறந்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"கோச், எங்க கையெழுத்துப் போடணும்?"

கோச் மெதுவாக அவள் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார்.

"விண்ணப்பத்துல போடுங்க மேடம். அந்தம்மா நிபந்தனையா எழுதியிருக்கு? பேரை மட்டும் விட்டுட்டு உங்களையே எழுதி வச்சிருக்கு!"