டோக்கியோ மின்சாரமும் என் கிட்டாரும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி குரிஹாரா நொரியோ அவர்களின் சமூகத்துக்கு, மாட்சுமோட்டோவிலிருந்து மொமோசே கட்சுஹிகோ தலை குனிந்து, இன்னும் நிமிராமலே எழுதுவது. இங்கே மலை உச்சியில் பனி விழுந்துவிட்டது. தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மா சுகமா? என் மனைவி யசுயோ நலமாக இருக்கிறாள், என்னைத் தவிர எல்லோரிடமும் நன்றாகப் பேசுகிறாள். இத்துடன் ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பியிருக்கிறேன். போன முறை மாதிரி திருப்பி அனுப்பிவிட வேண்டாம், வந்த வேகத்தில் எல்லாம் அடிபட்டுப் போய்விட்டன.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண வரவேற்பில் நான் உங்களுக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்காமல் தன் வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது என்று சிஹாரு போனில் சொல்லிவிட்டாள். பெற்ற பெண் சொல்கிற பேச்சா இது? ஆனால் குளிர் முடிவதற்குள் அவளுக்குக் குழந்தை பிறந்துவிடும், அதை முதல்முதலாகக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள், சம்பந்தியம்மா குழந்தையை ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பார், நீங்கள் கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பீர்கள், நான் மட்டும் இங்கே உட்கார்ந்து போட்டோவில் பேரனைப் பார்க்க வேண்டுமா? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை ஐயா.

உங்கள் பாட்டுக்கு வாசித்த அந்த மின்சாரக் கிட்டார் நான் என் கையாலேயே செய்தது. உடம்பு யசுயோவின் கல்யாணப் பெட்டியின் கீழ் இழுப்பறை, நல்ல பௌலோனியா மரம், பஞ்சு மாதிரி லேசு. அவளைக் கேட்காமல்தான் அறுத்தேன், அது தனிக் கேஸ், இன்னும் நடக்கிறது. கம்பி அதிர்வதைப் பிடிக்கிற காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பியை அவளுடைய தையல் மிஷினில் மாட்டித்தான் சுற்றினேன். கிட்டாரை ஒலிபெருக்கி வழியாக மின்சாரத்தில் இணைத்ததும் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல் வந்தது. உள்ளே செப்புத் தகடு ஒட்டினால் அடங்கிவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை கிட்டார் சங்கத்தில் அத்தனை பேரும் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். நானா கேட்பேன்? ஓசியில் கிடைக்கிற சுருதியை யாராவது தகடு போட்டு அடைப்பார்களா என்று அவர்களையே திருப்பிக் கேட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்கே ஆறு கம்பியையும் சுருதி சேர்த்துக்கொண்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வீட்டில் அது தேனாக ஒலித்தது.

கல்யாணத்தன்று டோக்கியோவில் மண்டபத்துத் திரைக்குப் பின்னால் போய் இணைத்தேன். இரைச்சல் வந்தது, ஆனால் கம்பி எல்லாம் அதைவிட ஒன்றரைக் கட்டை மேலே நிற்கிறது. ரயில் குளிரில் கம்பி இறுகிவிட்டது என்று நினைத்தேன். இரைச்சல் பொய் சொல்லாது என்ற திமிர் எனக்கு. எல்லாக் கம்பியையும் தளர்த்தி, நூடுல்ஸ் மாதிரி தொங்கவிட்டு, பெருமையாக மேடைக்கு வந்தேன். பிறகு நடந்ததை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பியானோக்காரப் பெண் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி, நடுவில் நீங்கள். மாதக்கணக்கில் சாதகம் பண்ணின பாட்டு, பாவம், ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் தவித்தீர்கள். அந்தப் பெண் பியானோவை மூடிவிட்டுப் போனதும் வேறு வழியில்லாமல் என்னோடு இறங்கினீர்கள், இறங்கினீர்கள், கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. மகன் கல்யாணத்தைப் பார்த்த உருக்கத்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்துவிட்டதென்று உங்கள் ஆபீஸ் மேலதிகாரி கைக்குட்டையை எடுத்தார், அவரைப் பார்த்து மண்டபமே அழுதது. கடைசியில் வாசலில் என்னை நிறுத்திச் சொன்னீர்களே, "மொமோசே சார், உங்க பொண்ணை மட்டும்தான் எங்க வீட்டுக்குக் கேட்டோம். உங்க இரைச்சலைக் கேக்கலை." அது இன்னும் காதில் நிற்கிறது.

ஊருக்கு வந்து வீட்டில் இணைத்துப் பார்த்தால் இரைச்சல் பழையபடி மேலே ஏறி நிற்கிறது. பேய் பிடித்த கிட்டார் என்று யசுயோவைக் கூப்பிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கரண்டு சாமான் கடை வெச்சிருந்தீங்களே, டோக்கியோவுக்குக் குடி போறவங்ககிட்ட ஆயுசு பூரா என்ன சொன்னீங்க? 'இந்தக் கரண்டு கடிகாரத்தை அங்க கொண்டுபோகாதீங்க, மெதுவா ஓடும்'னு சொன்ன வாய்தானே இது?"

எனக்கு உயிரே போய்விட்டது. நம் நாட்டில் கிழக்கு மின்சாரம் மெதுவாகத் துடிக்கும், மேற்கு மின்சாரம் வேகமாகத் துடிக்கும். எங்கள் ஊர் மேற்கோடு சேர்ந்தது, உங்கள் ஊர் கிழக்கு. ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் கடை நடத்தின மடையனுக்கு, இரைச்சலும் அந்த மின்சாரம் போட்ட பிள்ளைதான், துடிப்பு மெதுவானால் அதன் சுருதியும் இறங்கும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

ஆகவே தவறு முழுக்க என்னுடையது. இனி இந்த ஜென்மத்தில் கிட்டாரைத் தொட மாட்டேன். அரம், உளி எல்லாவற்றையும் சங்கத்துக்குத் தந்துவிட்டேன். கிட்டாரை யசுயோ அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். கோயிலுக்கு மட்டும் என்னையும் கூப்பிடுங்கள். ஓரமாக நிற்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்.

தங்கள் குடும்பம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பிறக்கப்போகிற குழந்தை உங்கள் மூக்கோடும் என் காது வாய்க்காமலும் பிறக்க வேண்டும் என்று இங்குள்ள எல்லாத் தெய்வங்களையும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மண்ணில் நெற்றி பட,
மொமோசே கட்சுஹிகோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியம்மா யசுயோவுக்குப் போன் செய்தார்கள். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க, கல்யாணத்திலேருந்து இவர் எங்க பழைய ஃப்ரிட்ஜ் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக்கிட்டுப் பாடுறார். அது உறுமுற சுருதிதான் தன் குரலுக்குச் சரியா உக்காருதாம், இத்தனை வருஷமா மேல கத்திக் கத்தி வீணாப் போயிட்டாராம். காய் எடுக்கக் கதவைத் திறந்தா முறைக்கிறார். வெளியில சொன்னா மானம் போயிடும்னு அவர் மேல கோபமா இருக்கிற மாதிரி நடிக்கிறார். இங்க அதே சுருதியில உறுமுற அந்தக் கிட்டாரைக் கொண்டாந்து குடுத்துட்டீங்கன்னா என் அடுப்படி எனக்குத் திரும்பக் கிடைக்கும்."

யசுயோவிடம் சாவி கேட்டேன். கொடுத்துவிட்டாள். கோயிலுக்கு நான் கிட்டாரோடு வருகிறேன். ஆப்பிளை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், உங்கள் சாதகம் கெடும். மேலே கேட்ட மன்னிப்பை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடவும்.