ஏஜெண்டுக்குப் பத்துப் பொருத்தம்

நைரோபியிலிருந்து அதே கேள்வி மறுபடியும் வந்திருந்தது. "உள்ளூர் ஏஜெண்டாக என்னை நியமிக்க, நான் பிறந்த நேரம் எதற்கு?"

அன்பரசன் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். பதில், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி சீனிவாசகம் தயாரிப்பது தீக்காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. கென்யாவுக்கு அனுப்ப வேண்டுமானால், அங்கேயே குடியிருக்கும் ஒருவரை ஏஜெண்டாக நியமித்தாக வேண்டும். பதிவு அவர் பெயரில். பெட்டிக்குப் பெட்டி அவர் பெயர். இதைக் கேட்ட அன்றே முதலாளி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"ஏலே அன்பு, அஞ்சு வருசத்துக்கு மாத்த முடியாதுங்குறான். இது பொண்ணு குடுக்குறதுலே. ஜாதகம் பாக்காமக் குடுப்பாகளா?"

"பொண்ணு யாரு அண்ணாச்சி?"

"கம்பெனிதான்."

முதலில் கிடைத்தவர் கமாவ் என்ற மருந்தாளுநர். கேட்டதும் பிறந்த நேரத்தை அனுப்பினார். ஜோசியர் மாரிசாமி, எட்டில் சனி என்று உதட்டைப் பிதுக்கினார். பொருத்தமில்லை என்பதை அன்பரசன் மரியாதையாக எழுதினான். கமாவ் மரியாதையாகவே ராஜபாளையத்துப் போட்டிக் கம்பெனிக்கு ஏஜெண்டாகிவிட்டார்.

அடுத்து, நைரோபியில் மளிகைக் கடை வைத்திருக்கும் முதலாளியின் அக்கா மகன் ஹரிபிரசாத். ஒன்பது பொருத்தம். காலண்டர் சீசன் தொடங்கினால் சிவகாசியில் பிரஸ் கிடைக்காது என்று, விண்ணப்பம் போவதற்கு முன்பே அவன் பெயரோடு பெட்டிகள் அச்சாகி வந்துவிட்டன. மளிகைக் கடைக்காரர் மருத்துவப் பொருளுக்கு ஏஜெண்டாக முடியாது என்று அங்கே நிராகரித்தார்கள்.

பெயருக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று யோசனை சொன்னவன் அன்பரசன். ஒட்டினார்கள். பெட்டி ஏதோ ஒன்றை மறைப்பது போலவே இருந்தது. நைரோபியில் மாதிரி பார்த்த அதிகாரிக்கும் அப்படித்தான் தோன்றியது. கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதம் ஒழுங்கான ஏஜெண்டின் பெயரோடு இன்று மாலைக்குள் வராவிட்டால் ஆர்டரே இல்லை என்று எழுதிவிட்டார்.

இப்போது கையில் இருப்பவர் வாஞ்சிகு. மருந்தாளுநர், உரிமம் உண்டு, சம்மதமும் உண்டு. பிறந்த நேரம்தான் இல்லை.

"ஆர்டர் போச்சுன்னா பேக்கிங் செக்சன மூடணும்னு நீங்கதான சொன்னீக, அண்ணாச்சி? பொம்பளைக எல்லாம் திரும்ப வெடியாபீசுக்குத்தான் போவாக. செல்வலட்சுமியும் போவா."

செல்வலட்சுமி அவன் மனைவி பானுப்பிரியாவின் தங்கை. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஷெட்டு வெடித்ததில் பானு போய் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு தங்கையை இங்கே கூட்டிவந்து சேர்த்தது அன்பரசன்தான். அந்த வீட்டில் மிச்சமிருப்பது அவள் ஒருத்தி.

"நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்? நேரத்த வாங்கு, போட்டுருதேன் கையெழுத்த. ஏன், உன் கல்யாணத்துக்கே மாரிசாமிதான பாத்தாரு, பத்துக்குப் பத்..."

முதலாளி நிறுத்தினார். டம்ளருக்குள் பார்த்தார். அது காலியாகி வெகு நேரமாகியிருந்தது.

போன் ஒளிர்ந்தது. "நான் வீட்டில் பிறந்தவள். அம்மா இல்லை. பிறந்த நேரம் யாருக்கும் தெரியாது." அன்பரசன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

மாரிசாமி வந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க தம்பி, ஏஜெண்டு எப்பப் பெறந்தாக?"

அன்பரசன் போனைத் திருப்பாமலே தேதியைச் சொன்னான். வருடத்தைச் சொன்னான். "காலையில ஆறு பதினேழு."

"மனப்பாடமால்ல சொல்லுதீக."

"மனசுல நின்னுருச்சு."

"ஊரு?"

"சாத்தூ..." என்றான். "நைரோபி."

நியமனக் கடிதத்துக்கு வைக்க வேண்டிய சீலோடு செல்வலட்சுமி, அவன் நேரத்தைச் சொல்லும்போதே வாசலில் வந்து நின்றிருந்தாள்.

ஜோசியர் விரல்களை மடக்கினார், எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, இது லேசுப்பட்ட ஜாதகமில்ல. போன எடத்துல வெளக்கேத்துற கை."

"பொருத்தம் எம்புட்டு?"

"பத்துக்குப் பத்து."

"ஆயுசு எப்படி? அஞ்சு வருசம் தாங்கணும்லா?"

"அஞ்சா? எண்பத்தஞ்சுக்குக் கொறையாது. தண்ணியில கண்டமில்ல. தீயில கண்டமே இல்ல. கண்ண மூடிட்டுக் குடுங்க."

முதலாளி இருக்கன்குடிக் கோயில் இருந்த திசை பார்த்துக் கும்பிட்டார். கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. "நல்ல எடம் அமைஞ்சுருச்சுலே," என்று சொல்லிக்கொண்டே ஜோசியரை வழியனுப்ப எழுந்து போனார்.

அன்பரசன் கடிதத்தை மேசையில் நேராக்கி வைத்தான். செல்வலட்சுமி சீலை மையில் ஒற்றினாள். கடிதத்தில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், அது எங்கக்கா பெறந்த நேரம்."